"ஆமான்னு எழுதவா, இல்லைன்னு எழுதவா மாமா?"

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகன் போன் செய்தான். மத்திய ஆயுதக் காவல் படையில் கான்ஸ்டபிளாகத் தேர்வாகியிருக்கிறான். எழுத்துத் தேர்வு, ஓட்டம், மெடிக்கல் எல்லாம் தாண்டியாயிற்று. இப்போது கையில் இருப்பது அட்டெஸ்டேஷன் ஃபார்ம், அதாவது போலீஸ் சரிபார்ப்புக்காகத் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்கும் படிவம். அதில் ஒரு கேள்வியில் பேனா நின்றுவிட்டது. "எப்பவாவது கைது செய்யப்பட்டிருக்கீங்களான்னு கேட்டிருக்கு. ஆமான்னு எழுதவா, இல்லைன்னு எழுதவா மாமா?"

நான் சென்னையில் நாலு வருஷம் வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்குப் பின்னணி சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் குப்பை கொட்டியவன். அதனால் சொந்தத்தில் யாருக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும்.

விஷயம் இதுதான். 2020 ஊரடங்கில் இவனும் மூன்று பையன்களும் கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள். ஜீப் வந்தது, ஓடினார்கள், பைக் மாட்டியது. பைக்கை எடுக்கப் போன இடத்தில் ஸ்டேஷனில் உட்கார வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவனுக்கு 19 வயது. "கைதெல்லாம் இல்ல மாமா, சும்மா கையெழுத்துதான்" என்றான். மாப்ள, அந்தச் சும்மா கையெழுத்துக்குப் பெயர்தான் ஸ்டேஷன் ஜாமீன். கைது காட்டாமல் ஜாமீன் கொடுக்க முடியாது. கைவிலங்கு, லாக்கப் என்று சினிமாவில் வருவதை மட்டும் கைது என்று நினைத்துக்கொண்டு நம் பையன்கள் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

அந்தப் ஃபார்ம் "நீ குற்றவாளியா?" என்று கேட்பதில்லை. கைதானாயா, வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டாயா, அபராதம் கட்டினாயா, தண்டனை பெற்றாயா, இப்போது வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு. விடுதலையானவனுக்கும் முதல் இரண்டுக்குப் பதில் "ஆம்"தான். மேலேயே எச்சரிக்கையும் இருக்கிறது: தவறான தகவல் கொடுத்தாலோ உண்மையை மறைத்தாலோ அதுவே தகுதியிழப்பு.

ஊரில் வழக்கம்போல ஒரு பெரிய மனுஷர் "எழுதாதப்பா, யாருக்குத் தெரியப்போகுது" என்று சொல்லி வைத்திருக்கிறார். இருபது வருஷம் முன்னால் அது ஓரளவு ஓடியிருக்கும். இப்போது ஸ்டேஷன்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். என்ற கம்ப்யூட்டர் வலைப்பின்னல் வந்துவிட்டது. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் (ரகசியம் காக்க வேண்டிய சில வழக்குகள் தவிர) என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. அதெல்லாம் போகட்டும், விசாரிக்க வரும் ஏட்டையா நேராக ஊர் டீக்கடைக்குத்தான் வருவார். அங்கே தெரியாதது எது?

அதே 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் வந்த அவ்தார் சிங் தீர்ப்பைத்தான் இந்த விஷயத்தில் எல்லாரும் முதலில் எடுத்துப் பேசுவார்கள். மூன்று நீதிபதிகள் அமர்வு. சின்ன வயதில் கோஷம் போட்டது மாதிரியான அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும், வேலை கொடுப்பவர் நினைத்தால் மன்னிக்கலாம் என்று அதில் இருக்கிறது. இந்த வரியை மட்டும் படித்துவிட்டு வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் அடுத்ததைப் படிப்பதில்லை: முடிந்துபோன வழக்கை உண்மையாகச் சொல்லியிருந்தாலும்கூட, அவனைப் பரிசீலிக்கிற உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆக, உண்மையைச் சொன்னால் வேலை நிச்சயம் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வழக்கை மட்டும் எடைபோடுவார்கள், மறைத்தால் வழக்கோடு சேர்த்துப் பொய்யையும் எடைபோடுவார்கள், அவ்வளவுதான் சொன்னேன்.

சரி, வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்றால் அவனுக்குத் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஊரடங்கு மீறல் வழக்குகளை ரத்து செய்வதாக அறிவித்தாரே, சுமார் பத்து லட்சம் வழக்குகள், வன்முறை, போலீசைப் பணி செய்ய விடாமல் தடுத்தது போன்றவை மட்டும் விலக்கு, அதில் இதுவும் போயிருக்கும் என்று வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் டிவியில் வந்த அறிவிப்பைப் ஃபார்மோடு பின் அடித்துக் கொடுக்க முடியாதே. தாள் வேண்டும்.

சனிக்கிழமை ஊருக்குப் போய் இவனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் நல்ல மனிதர், ஆனால் 2020 ரிஜிஸ்டர் என்றதும் முகம் மாறிவிட்டது. "அந்த வருஷமா? பக்கம் பக்கமா இதேதான் சார் இருக்கும்." உண்மைதான். முக்கால் மணி நேரம் விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். ஒரு வழியாகக் கிடைத்தது, இந்திய தண்டனைச் சட்டம் 188, 269 (அரசு உத்தரவை மீறியது, கவனக்குறைவால் நோய் பரவ இடம் கொடுத்தது), நாலு பேர். இவன் ஏ3, மூன்றாவது குற்றம் சாட்டப்பட்டவன். பெயர்தான் வேடிக்கை, சர்டிஃபிகேட் பெயர் இல்லை, வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதியிருந்தார்கள். அப்பா பெயரும் தெருவும் சரி. வெளியே வந்ததும் இவன் மெதுவாக, "மாமா, அது என் பேரே இல்லையே…" என்று இழுத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன். அவனே "சரி சரி" என்றுவிட்டான்.

அடுத்த வாரம் கோர்ட்டில் நகல் மனு போட்டு, மூன்று நடை நடந்து, மேல்நடவடிக்கை கைவிடப்பட்டதற்கான சான்றிட்ட நகல் வாங்கினோம். அதை வாங்கியபோது அக்கா முகத்தில் இருந்த நிம்மதி, அவன் தேர்வானபோதுகூட இல்லை.

இவன் தமிழ்நாடு போலீசுக்கு எழுதியிருந்து, வழக்கும் கொஞ்சம் பெரியதாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் பயமாக இருந்திருக்கும். அங்கே சந்தேகத்தின் பலனால் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானாலும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று விதியிலேயே விளக்கம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008-ல் மணிகண்டன் வழக்கில் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. கோவில் திருவிழா அடிதடியில் இரண்டு பக்கமும் ராஜியாகி, சாட்சிகள் மாற்றிச் சொல்லி வழக்கை முடிப்பதுதானே நம் ஊர் வழக்கம். அந்த ராஜிதான் பத்து வருஷம் கழித்துப் பையனின் காலை வாரும். ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே நடந்ததற்கு மட்டும் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு பெரும்பாலும் காப்பாற்றும், அந்தக் குற்றத்தால் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது.

தனியார் கம்பெனிகள் கதை வேறு. அங்கே போலீசிடம் போகாமலே பாதி வேலை முடிந்துவிடும். நீதிமன்ற இணையதளங்களில் பெயரைப் போட்டுத் தேடுவோம், அப்பா பெயர், முகவரி ஒத்துப்போகிறதா பார்ப்போம். இந்த முறையை வடிவமைத்தவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாத ஊர் ஒன்று இருப்பதே தெரியாது போல. ஒரு முருகன், த/பெ கருப்பசாமி, மதுரை மாவட்டம் என்று தேடினால் எத்தனை முருகன்கள்! இனிஷியல் முன்னால் ஒரு தாளில், பின்னால் ஒரு தாளில். வேறு யாரோ ஒருவரின் செக் மோசடி வழக்கு ஒரு பையன் தலையில் விழுந்து, வேலையில் சேர வேண்டிய தேதி தள்ளிப்போனதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அவனுடைய ஆதாரைக் கேட்டு வாங்கி, பிறந்த தேதியை ஒப்பிட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. அப்படி உங்களுக்கு நடந்தால் ரிப்போர்ட் நகலைக் கேளுங்கள், வழக்கு எண்ணைக் கேளுங்கள், அந்த எண்ணை வைத்து நீங்களே இ-கோர்ட்ஸில் பார்த்துவிட்டு எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். போனில் அழாதீர்கள், போனில் பேசியது ஃபைலில் ஏறாது.

வெளிநாடு போகிறவர்கள் கேட்கும் பி.சி.சி. (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்) பாஸ்போர்ட் அலுவலகத்தில் கிடைப்பது, கட்டணம் 500 ரூபாய். புகார் வாங்கியதற்கு ஸ்டேஷனில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதைப் பார்த்து வழக்கு என்று பயப்படுகிறவர்களும் உண்டு, அது எஃப்.ஐ.ஆர். இல்லை.

அவன் ஃபார்மை நிரப்பிவிட்டான். கைது என்ற இடத்தில் "ஆம்", வழக்கு நிலுவை என்ற இடத்தில் "இல்லை", ஓரத்தில் குற்ற எண், பிரிவு, கோர்ட் பெயர், "நகல் இணைக்கப்பட்டுள்ளது". அவன் கையெழுத்து கோழிக் கிறுக்கல், அந்த நாலு வரியை மட்டும் அச்சு மாதிரி எழுதியிருந்தான். தபால் போய்விட்டது. அக்கா தினமும் காலையில் போன் செய்து, "பதில் வந்துச்சாடா?" என்று என்னைக் கேட்கிறாள், என்னமோ அந்தப் படைக்கு ஆள் எடுப்பவனே நான்தான் என்பது போல.