விப்பிள் அறுவை சிகிச்சையும் நான்கு பை பிளாஸ்மாவும்

கணையத்தின் தலைப்பகுதியில் இருந்த கட்டிக்காக எனக்கு விப்பிள் அறுவை சிகிச்சை நடந்து ஏழு மாதம் ஆகிறது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தில் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பார்கள் என்பதை முன்பே படித்து வைத்திருந்தேன். அதற்கு அப்புறம் வரும் நாட்களைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாமல் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் விடியற்காலை வயிற்றிலிருந்து வந்த ட்ரெயின் குழாயில் சிவப்பு கூடியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஐஎன்ஆர் 1.9. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது, 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். டாக்டர் கட்டிலருகே நின்று பொறுமையாக விளக்கினார். கட்டி பித்தநாளத்தை அடைத்ததால்தான் எனக்குப் பல வாரம் மஞ்சள் காமாலை இருந்தது. பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சரியாகச் சேராது, அது குறைந்தால் ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரலால் முறையாக உண்டாக்க முடியாது. ஆபரேஷனுக்கு முன்பே வைட்டமின் கே ஊசி போட்டிருந்தும், சாப்பிடாமல் கிடந்ததாலும் ரத்தம் போனதாலும் மறுபடி குறைந்திருக்கிறது. இப்போது ஊசி போட்டால் வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும், ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தபின் கிடைக்கும் திரவமான பிளாஸ்மாவில் அந்தப் புரதங்கள் தயாராகவே இருக்கின்றன என்றார். என் எடைக்கு நான்கு பை.

சொன்னவுடன் ஏற்றவில்லையே என்று என் மனைவி வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பிளாஸ்மாவை மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே உறைய வைத்திருப்பார்கள், அதை 37 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் உருக்கி எடுக்கவே அரை மணி நேரம் போல ஆகும் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். பை வந்தபோது பார்த்தேன், வைக்கோல் மாதிரி வெளிர் மஞ்சள், லேசாகக் கலங்கல். ரத்தம் ஏற்றுவது போலவே பெயரையும் ரத்த வகையையும் இரண்டு பேர் சேர்ந்து சரிபார்த்தார்கள், முதல் பதினைந்து நிமிடம் நர்ஸ் பக்கத்திலேயே நின்றார்.

மூன்றாவது பை பாதி ஏறும்போது கழுத்தில் அரிப்பு, பிறகு கையில் தடிப்புத் தடிப்பாக. ராத்திரி நேரம், எல்லோரும் ஓடியாடிக் களைத்திருக்கிறார்கள், இதற்குப் போய்க் கூப்பிடுவதா என்று ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டேன். அப்படி இருக்கவே கூடாது. பிளாஸ்மா ஏறும்போது அரிப்பு, நடுக்கம், மூச்சு வாங்குவது எது வந்தாலும் அந்த நொடியே சொல்லுங்கள். எனக்கு உடனே நிறுத்தி அலர்ஜி ஊசி போட்டார்கள், தடிப்பு அடங்கியதும் மெதுவாகத் தொடர்ந்தார்கள். மறுநாள் காலை ஐஎன்ஆர் 1.3, குழாயில் சிவப்பும் வெளுத்துவிட்டது.

ரத்தக் கசிவு நின்றதே தவிர, மூன்றாம் நாள் ட்ரெயின் நீரில், கணையம் சுரக்கும் செரிமான என்சைமான அமைலேஸ் மிக அதிகம். கணையத்தை இணைத்த இடத்தில் கசிகிறது என்று அர்த்தம். இந்த அறுவை சிகிச்சையில் இது அடிக்கடி வருவதுதான், பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் என்றார்கள். இரைப்பையில் இருப்பது சரியாகக் குடலுக்கு இறங்காததால் மூக்குக் குழாய் எட்டு நாள் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. ட்ரெயினோடு வீட்டுக்கு வந்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு என் மகள் அளவுக் குவளையில் ஊற்றி, அளவையும் நிறத்தையும் நோட்டில் எழுதுவாள். மில்லியில் 90, 85, 60, ஒருநாள் திடீரென்று 110, அப்புறம் 40. அந்த 110 அன்று யாருமே சரியாகச் சாப்பிடவில்லை. நான்காவது வாரம் குழாயை எடுத்தார்கள்.

அதன் பிறகும் எடை இறங்கிக்கொண்டே இருந்தது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தது. சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு வாரம் வீணாக்கினேன். கணையம் குறைவாகச் சுரப்பதை ஈடுகட்ட, செரிமானத்துக்காகக் கொடுத்த என்சைம் மாத்திரையை நான் சாப்பிட்டு முடித்த பிறகு போட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். முதல் கவளத்தோடு ஒன்று, பாதியில் இன்னொன்று என்று மாற்றிக் கொடுத்தார்கள், உணவைச் சிறிது சிறிதாக ஆறு வேளையாகப் பிரித்தேன், பத்து நாளில் வித்தியாசம் தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன் 61 கிலோ இருந்தேன், 49 வரை போய், நேற்று பார்த்தபோது 54. மகள் அதையும் அதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.