பெயருக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு காகிதம்

மலிவுத் தாளில் கதைகள் அச்சிட்ட பழைய அமெரிக்கப் பல்ப் இதழ்களுக்கு எழுத்தாளர் அடைவு தயாரிப்பது என் வேலை. ஒரு பதிவில் நான்கு கட்டங்கள்: அச்சில் வந்த பெயர், இயற்பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. முதல் கட்டம் எல்லோருக்கும் நிரம்பிவிடும். மற்ற மூன்றும் காலியாகக் கிடப்பவர்கள்தான் எங்கள் மேசைக்கு வருவார்கள்.

அப்படி வருபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1896-இல் ஆர்கோஸி இதழ் மலிவான மரக்கூழ்த் தாளுக்கு மாறி, கதைகளை மட்டுமே வெளியிட ஆரம்பித்தது. அதைப் பார்த்து இதழ்கள் வரிசையாகக் கிளம்பின. வார்த்தைக்கு ஒரு சென்ட், சில இடங்களில் அதிலும் பாதி என்று கூலி. இரண்டு மூன்று கதை எழுதிவிட்டுக் காணாமல் போனவர்கள் ஏராளம். புனைபெயர்கள் வேறு. இதழே சொந்தமாக வைத்திருந்து பல பேருக்குப் பொதுவாகப் போட்ட பெயர்களும் உண்டு.

இப்போது சொல்லப்போகிறவர் 1920-களில் எழுதியவர். மூன்றே கதைகள். குடும்பத்தினர் இருக்கக்கூடும் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். இரண்டு தலைப்பெழுத்தும், தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கக்கூடிய ஒரு குடும்பப் பெயரும்தான் அச்சில் இருந்தன.

முதலில் கதைகளைப் படிப்பேன். பதிவேடுகள் எல்லாம் அப்புறம்தான். அந்த இதழ்களைக் கையாளப் பொறுமை வேண்டும். தாளில் உள்ள அமிலம் அதையே தின்றுவிட்டதால் பக்கத்தைச் சற்று வளைத்தாலும் ஓரம் பொடியாக உதிரும். அடியில் ஒரு அட்டையைக் கொடுத்து, பக்கத்தை அப்படியே ஏந்தித்தான் புரட்ட வேண்டும்.

இரண்டாவது கதை ஒரு சிறிய ரயில் நிலையத்தில் இரவுப் பணியில் நடக்கிறது. தந்தி ஆபரேட்டர், டக் டக்கென்று தட்டும் ஒலிக்கருவிக்குப் பின்னால் ஒரு காலிப் புகையிலை டப்பாவைச் செருகி வைக்கிறார். சத்தம் தூக்கலாகக் கேட்பதற்காக ஆபரேட்டர்கள் உண்மையாகவே செய்த வேலை அது. கதையில் அதற்கு விளக்கம் இல்லை. போகிற போக்கில் வந்து போகிறது. தெரிந்துகொண்டு எழுதுகிறவர் விளக்குவார், பழகியவர் விளக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

முதல் உலகப் போர்க்கால ராணுவப் பதிவு அட்டைகளில் தேடினேன். 1918 செப்டம்பர் அட்டையில் தொழில், முதலாளி, நெருங்கிய உறவினர், கண்ணின் நிறம், முடியின் நிறம் எல்லாம் இருக்கும். அதே தலைப்பெழுத்து, அதே குடும்பப் பெயர், ரயில்வே தந்தி ஆபரேட்டர் என்று ஓர் அட்டை கிடைத்தது. வேறு இரண்டு எழுத்தாளர் பட்டியல்களில் அந்த மனிதரைத்தான் ஏற்கெனவே போட்டிருந்தார்கள்.

எங்கள் பிரிவின் மூத்தவரிடம் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். “சரி, கதையில ஒரு ஆபரேட்டர், அட்டையில ஒரு ஆபரேட்டர். இந்த ஆள்தான் அந்தக் கதையை எழுதினார்னு சொல்ற காகிதம் எங்கே?”

இந்த வேலையின் மொத்தச் சிரமமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பெயர் பொருந்துவது, தொழில் பொருந்துவது, வயது பொருந்துவது எல்லாம் ஊகத்தை வலுப்படுத்தும், அவ்வளவுதான். ராணுவ அட்டை ஆண்களுக்கு மட்டுமே உண்டு. ரயில்வே தந்தி வேலையிலோ பெண்களும் கணிசமாக இருந்தார்கள். ஃபிரான்சிஸ் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் ஆர்கோஸியிலும் ஆல்-ஸ்டோரியிலும் எழுதியவர் கெர்ட்ரூட் பாரோஸ் பென்னட். கணவரை இழந்து, நோயாளித் தாயையும் மகளையும் காப்பாற்றச் சுருக்கெழுத்து வேலை பார்த்தபடி எழுதிய பெண். அந்தப் பெயருக்குப் பின்னால் அக்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர் ஏ. மெரிட்தான் இருக்கிறார் என்று வாசகர்கள் வெகுகாலம் நம்பினார்கள்.

ஆகவே 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண் ஆபரேட்டர்களையும் தேடினேன். வேறொரு மாநிலத்தில், பொருந்தும் தலைப்பெழுத்தோடு ஒருவர் இருந்தார். அந்த ஊர் வார இதழின் பழைய பிரதிகளை வரிவரியாகப் பார்த்தேன். யார் வீட்டுக்கு யார் விருந்தாளி, யாருக்குக் காய்ச்சல் என்று போகும் உள்ளூர்ச் செய்திகளுக்கு நடுவே நான்கு வரி: ரயில் நிலையத்தில் இரவுப் பணி பார்க்கும் இன்னாருடைய மகள் இன்ன இதழுக்கு ஒரு கதை விற்றிருக்கிறார். கதையின் தலைப்பும் இருந்தது. உடனே மூத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, “இதுதான் காகிதம்” என்றார். அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இயற்பெயர் நிரம்பியது. பிறந்த ஆண்டும் கிடைத்தது. திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறியதால் அடுத்த பத்தாண்டுகளைத் தொடர்வது கடினமாக இருந்தது. 2022-இல் பொதுப்பார்வைக்கு வந்த 1950 கணக்கெடுப்பில் அவர் உயிரோடு இருக்கிறார். அதற்கப்புறம் தடம் இல்லை.

இறந்த ஆண்டை 1950 வாக்கில் என்று உத்தேசமாகப் போட்டுவிடலாமே என்று கேட்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. பென்னட்டின் மகளுக்குத் தாயிடமிருந்து கடைசிக் கடிதம் 1939-இல் வந்தது. அதைக் கொண்டே அவர் அந்த ஆண்டுவாக்கில் இறந்ததாகப் பல நூல்கள் எழுதின. பிறகு கலிஃபோர்னியாவின் இறப்புப் பதிவு கிடைத்தபோது ஆண்டு 1948. ஒருவர் வாழ்ந்த ஒன்பது வருடத்தை உத்தேசத்தில் அழித்துவிட்டோம் என்பது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை. வார்த்தைக்கு ஒரு சென்ட்டுக்கு எழுதியவருக்கு நாம் தரக்கூடியது சரியான பெயரும் சரியான ஆண்டும் மட்டுமே.

அந்த நான்காவது கட்டம் காலியாகவே இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. மற்ற இரண்டு பட்டியல்களிலும் இன்னும் அந்த ராணுவ அட்டைக்காரர்தான் ஆசிரியர். அந்த வார இதழ்ச் செய்தியின் நகலோடு அவற்றைப் பராமரிப்பவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் மாற்றிவிட்டார்.