மான் தின்ற அட்டையும் மச்சான் மடித்த தகடும்

நேற்று மாலை நாலரை மணிக்கு எங்கள் சின்ன உழவு மெசினின் வயிற்றுக்குத் தகடு கட்டி முடித்தோம். "முடித்தோம்" என்று பன்மையில் எழுத எனக்கு என்ன உரிமை என்று மச்சான் கேட்கக்கூடும். மூன்று நாட்களில் அரைவாசி நேரம் நான் மெசினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன் என்பதற்குக் கண்ணுக்குள் விழுந்த துருவும், முதுகில் பதிந்த முற்றத்துக் குறுணிக் கற்களும் சாட்சி. மற்ற அரைவாசிக்குச் சாட்சி சொல்லக்கூடியது ஒரு மான் மட்டும்தான். அதுவும் எனக்கு எதிராகவே சொல்லும்.

எல்லாம் நிலாவெளித் தோட்டத்தில் ஒரு கருக்குமட்டையால் வந்த வினை. பெரிய உழவு இயந்திரம் தென்னைகளுக்கு இடையில் திரும்பாது என்பதற்காகத்தான் ஜப்பானில் உழைத்து ஓய்வுபெற்ற இந்தச் சின்னதை அப்பா வாங்கினார். எந்த மரத்தடியிலும் அது பூனையைப் போலத் திரும்பும். பூனையைப் போலவே வயிறும் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். ஜப்பானின் சேற்று வயலில் கட்டையும் வேரும் எங்கே வரப்போகின்றன என்று எண்ணித்தான் கீழ்ப்பக்கத்தை அப்படியே திறந்து விட்டிருக்கிறார்கள் போலும். ஒயில் பில்டர் ஒருபக்கம் பலாப்பிஞ்சு போலத் தொங்குகிறது, டீசல் போகும் ரப்பர்க் குழாய் வளைந்து இறங்கிப் பிறகு ஏறுகிறது, ஒயில் இறக்கும் நட்டோ எல்லாவற்றுக்கும் கீழே நின்று வருகிற கட்டையை நெற்றியால் வரவேற்கிறது.

ஆகவே மெசின் ஓடும் நாட்களில் அப்பா அதற்கு முன்னால் நடப்பார். எழுபத்துநாலு வயதும் இரண்டு முழங்காலிலும் தேய்மானமும் உள்ள மனிதர், சுவாமி வீதியுலா வரும்போது தீவட்டிக்காரர் முன்னே போவதைப் போல, மட்டை, பன்னாடை, குரும்பை என்று குனிந்து குனிந்து பொறுக்கி வேலிப்பக்கம் எறிந்துகொண்டும், வடலி வெட்டிய கட்டை எங்காவது தலைநீட்டினால் அதன் அருகே ஒரு தடியை ஊன்றி எனக்குச் சைகை காட்டிக்கொண்டும் போவார். போன கிழமை ஒரேயொரு மட்டை அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. முன்சில்லு அதன் ஒரு நுனியில் ஏறியதும் மறுநுனி எழும்பி நின்று, கருக்குப் பக்கத்தால் டீசல் குழாயை வாள் அறுப்பதைப் போல அறுத்துவிட்டது. மெசின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது, மணல் உள்ளங்கை அளவுக்குக் கறுத்துப் பின் பாய் அளவுக்குக் கறுத்தது. அப்பா அந்த மட்டையை இழுத்தெடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "இது என்ர கண்ணில படேல்லயே" என்று மட்டையிடமே சொன்னார். அன்றிரவு அவர் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. அடுத்த நாளே வயிற்றுக்குத் தகடு கட்டுவது என்று நான் முடிவெடுத்தேன். மெசினைக் காப்பாற்றவே தகடு என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்பாவை ஒரு கதிரையில் உட்கார வைப்பதற்காகத்தான் என்பதை மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

தோட்டத்தில் மின்சாரம் இல்லை என்பதால் மெசினை ஒரு சிறிய லொறியில் ஏற்றிக் திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து வீட்டுக்கே கொண்டுவந்தோம். அது முற்றத்தில் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் பெரியப்பா வந்து சேர்ந்தார். பெரியப்பாவுக்கும் ஜப்பானுக்கும் ஒரு பழைய பகை உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது அவர் பிறந்திருக்கவே இல்லை. ஆனால் 1957இல் வெள்ளைக்காரன் துறைமுகத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை அங்கே வேலைபார்த்த அப்பப்பா, அந்தக் காலையை இராச் சாப்பாட்டோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்தவர். அறுந்த குழாயைப் பார்த்த பெரியப்பா, "அண்டைக்கு மேலயிருந்து போட்டான், இண்டைக்குக் கீழயிருந்து ஒழுக விடுறான்" என்று சொல்லிவிட்டு, தேநீர் வரும்வரை அந்த வசனத்தை மூன்று தரம் திருப்பிச் சொன்னார்.

தகடு ஆறு மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது அவருடைய தீர்ப்பு. பக்கத்துச் சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்னும் நிற்பதற்கு இரும்பின் தடிப்பே காரணம் என்றும், இந்தக் காலத்துத் தகட்டில் அப்பளம்கூடப் பொரிக்க முடியாது என்றும் அவர் வாதாடினார். நான் மகளின் கணக்குக் கொப்பியை வாங்கிக் கணக்குப் பார்த்தேன். நாலடி நீளம் இரண்டடி அகலத்துக்கு மூன்று மில்லிமீற்றர்த் தகடு ஏறக்குறைய 17 கிலோவும், ஆறு மில்லிமீற்றர் 35 கிலோவும் வரும். ஒயில் மாற்றும்போதோ பழுது பார்க்கும்போதோ இதைக் கழற்றி நெஞ்சில் தாங்கப்போகிறவன் நான், பெரியப்பா அல்லர். தகட்டின் பலம் தடிப்பில் மட்டும் இல்லை, மடிப்பிலும் இருக்கிறது. கூரைத் தகரம் அலையலையாக இருப்பதனால்தானே அவ்வளவு மெல்லியதாக இருந்தும் வளையாமல் நிற்கிறது என்று விளக்கினேன். அப்படியென்றால் கூரையையே கழற்றி மெசினுக்குப் போடச் சொன்னார். இறுதியில் மூன்று மில்லிமீற்றர்த் தகட்டில் மூன்று ஓரங்களை மேல்நோக்கி மடிப்பது என்றும், முன் ஓரத்தை மட்டும் கட்டையில் மோதினால் வழுக்கி ஏறும்படி சரிவாக வைப்பது என்றும் மச்சான் முடிவுகட்டினார். கிரைண்டரும் வெல்டிங் பிளான்டும் அவருடையவை என்பதால் அந்த முடிவுக்கு மேன்முறையீடு இருக்கவில்லை.

முதலில் அட்டையில் ஓர் அச்சு வெட்டிப் பார்ப்பது என் யோசனை. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, மகளின் பசை தீர்ந்துபோயிருந்ததால் கோதுமைமாவில் பசை காய்ச்சி இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒட்டினேன். பிறகு மெசினுக்கு அடியில் புகுந்து இரண்டு மணிநேரம் கிடந்தேன். மேலே பார்த்துக்கொண்டு கிடந்தபோதுதான் இது வெறுமனே ஒரு மூடியைப் பூட்டுகிற வேலை அல்ல என்று விளங்கியது. முன்சில்லுகள் பூட்டிய அச்சு நடுவில் ஓர் ஆணியில் ஊஞ்சல் போல ஆடவேண்டியது. தகடு அச்சையும் பிடித்துச் சட்டத்தையும் பிடித்தால் மேடுபள்ளத்தில் எல்லாம் இறுகிவிடும். ஆகவே தகடு அச்சுக்குப் பின்னாலேயே தொடங்கவேண்டும். கியர்ப்பெட்டி வார்ப்பிரும்பு என்பதால் அதில் புதிதாகத் துளை போடக்கூடாது. வேறு கருவிகளைப் பூட்டுவதற்காகச் சட்டத்தில் மரையோடு ஏற்கெனவே இருக்கும் நாலு துளைகளையே பயன்படுத்தவேண்டும். ஒயில் இறக்கும் நட்டுக்கு நேரே ஒரு முஷ்டி நுழையும் துளை வேண்டும். பின்பக்கம் நீளமான வெட்டுகள் வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த புல்லும் தும்பும் தகட்டுக்குள் சேர்ந்து, சூடான எஞ்சினுக்குக் கீழே ஒரு குருவிக்கூடு உருவாகி, ஒருநாள் தீப்பிடிக்கும். இவ்வளவையும் குறித்து, வெட்டி, நாலு துளையும் நாலு துளையோடு பொருந்துவதைப் பார்த்துப் பெருமைப்பட்டு, அந்த அட்டையை மதிலோரம் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். படலையைச் சாத்தவில்லை.

கோட்டை மான்களைப் பற்றி வெளியூர்க்காரருக்கு ஓர் அபிப்பிராயமும் எங்கள் ஒழுங்கைக்கு வேறோர் அபிப்பிராயமும் உண்டு. அவர்கள் புள்ளிமானைக் கண்டதும் கைத்தொலைபேசியை எடுப்பார்கள்; நாங்கள் விளக்குமாற்றை எடுப்போம். அம்மாவின் செவ்வரத்தையில் ஐந்து வருடமாகப் பூவைக் கண்டவர் இல்லை. எதிர்வீட்டுக் கலியாணத்தில் வெளியே மேசையில் வைத்திருந்த வெற்றிலையில் பாதி மாப்பிள்ளை வருவதற்குள் போய்விட்டது. காலை ஆறு மணிக்கு நான் பல்தூரிகையோடு வெளியே வந்தபோது, ஒரு கிழட்டுப் பெண்மான் முற்றத்தில் நின்று மாப்பசை ஊறிய என் அட்டையை அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தது. நான் கையை வீசிச் சத்தம் போட்டேன். அது நாலடி விலகி நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே, ஒயில் துளை இருந்த பகுதியை விழுங்கியது.

மீண்டும் ஓர் அச்சு வெட்டப் பொறுமை இருக்கவில்லை. அளவுகள் கொப்பியில் இருந்தன. அவற்றைப் பார்த்து நேரடியாகத் தகட்டிலேயே சோக்கால் கீறினேன். கொப்பியில் இருந்தவை மல்லாந்து கிடந்து மேலே பார்த்து எழுதியவை. தகட்டில் கீறியது குனிந்து கீழே பார்த்து. அங்கே வலது என்பது இங்கே இடது என்பது, கண்ணாடிக்கு முன் நின்று மீசை வெட்டுகிற எவனுக்கும் தெரிந்திருக்கவேண்டிய சங்கதி. மச்சான் கிரைண்டரைத் தூக்கும் முன் ஒருதரம், துளை போடும் முன் ஒருதரம், மடிக்கும் முன் ஒருதரம், "அத்தான், இது சரிதானே?" என்று கேட்டார். மூன்று தரமும் நான் அளந்தவன் சொல்லுகிற குரலில் சரி என்றேன். மடிப்புக் கோட்டில் கிரைண்டரால் மெல்லிய தவாளிப்பு எடுத்து, இரண்டு கோண இரும்புகளுக்கு இடையில் தகட்டை இறுக்கி, சம்மட்டியால் சிறுகச் சிறுக அடித்து அவர் மடித்த அழகை ஒழுங்கையே வந்து பார்த்தது. பிள்ளையைத் தூங்க வைத்திருந்த வீடு மட்டும் ஜன்னலைச் சாத்தியது.

மெசினை ஜக்கால் உயர்த்திச் சிலிப்பர்க் கட்டைகளில் இருத்தினோம். பெரியப்பா சீமெந்துக் கல்லை அடுக்கச் சொன்னார். உள்ளே குழியுள்ள கல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும் என்று மச்சான் மறுத்தார். அந்த ஒரு விடயத்தில் அவருக்கு நான் ஆயுள்கடன். தகட்டைத் தூக்கிப் பிடித்தபோது நாலு துளையும் பொருந்தின. ஒயில் நட்டு வலப்பக்கம் இருந்தது, முஷ்டி நுழையும் துளை இடப்பக்கம் இருந்தது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. வாயிலிருந்த மரக்கறி வடையை மெல்லுவதை மட்டும் நிறுத்தினார். தகட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் சரியாகிவிடும் என்றேன். கவிழ்த்தோம். துளை நட்டுக்கு நேரே வந்தது. மடித்த ஓரங்கள் மூன்றும் நிலத்தைப் பார்த்துத் தொங்கின. கட்டையில் வழுக்கி ஏறவேண்டிய முன் ஓரம், எந்தக் கட்டையையும் வேரோடு தோண்டி எடுக்கும் கோலத்தில் நின்றது. "நல்லது, இனித் தனியாக் கலப்பை வாங்கத் தேவையில்லை" என்றார் பெரியப்பா.

யாருடைய பிழை என்பதில் ஒரு மணிநேரம் போனது. அளந்தது நான், வெட்டியது மச்சான், கேட்காமல் ஆலோசனை சொன்னது பெரியப்பா, தின்றது மான் என்று மனைவி தீர்த்து வைத்தார். பிறகு மச்சான் எழுந்துபோய், தகட்டின் வலப்பக்கத்தில் அதே அளவில் புதுத் துளை வெட்டினார். வெட்டி விழுந்த வட்டத்தை எடுத்துப் பழைய துளையில் வைத்துப் பார்த்தார். ஒரு நூல் இடைவெளியோடு உட்கார்ந்தது. சுற்றிவர ஒட்டிக் கிரைண்டரால் தேய்த்தார். புயத்தில் அம்மைப்பால் குத்திய தழும்பைப் போல இப்போது அது இடப்பக்கத்தில் இருக்கிறது. இருபது நிமிடமும் ஆகவில்லை.

அந்த மூன்று நாளும் அப்பா பேசவில்லை. வந்து பார்ப்பார், போவார். நேற்று மதியம் நாங்கள் சாப்பிட்டு வந்தபோது, படலைக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்றைத் தேடி எடுத்துவந்து, தகட்டை இரண்டு வாங்கில் கிடத்தி, உட்பக்கம் வெளிப்பக்கம் என்று அடித்துக்கொண்டிருந்தார். அடிபட்டுத் தேயப்போகிற கீழ்ப்பக்கத்துக்கு ஏன் இரண்டாம் பூச்சு என்று கேட்டதற்கும் பதில் இல்லை. தழும்பின் மேல் மட்டும் மூன்று தரம் தூரிகையை ஓட்டினார்.

பூட்டுகிற வேலை இலகுவாக முடிந்தது. கல்லில் உரசித் தேயாமல் இருக்க உருண்டைத் தலையுள்ள பத்து மில்லிமீற்றர் போல்ட்டுகள், கடகடக்காமல் இருக்க இடையில் றப்பர் வொஷர்கள். வொஷருக்கு றப்பர் எங்கே எடுத்தீர் என்று மச்சானிடம் நான் கேட்கவில்லை. பெரியப்பா வீடு திரும்பப் புறப்பட்டபோது வாசலில் அவருடைய செருப்பில் ஒன்றுதான் இருந்தது. எல்லோரும் ஒருமனதாக மானைச் சொன்னோம். அவர் நம்பவில்லை, ஆனால் ஜப்பானைச் சொல்லவும் வழி இருக்கவில்லை.

இன்று காலை நிலாவெளி. வேலியோரம் வேப்பமர நிழலில் ஒரு கதிரையைப் போட்டு, தண்ணீர்ப் போத்தலையும் பக்கத்தில் வைத்து, இனிக் கட்டை வந்தாலும் மட்டை வந்தாலும் தகடு பார்த்துக்கொள்ளும், நீங்கள் இருங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார். மெசினை இயக்கிக் கொத்துக் கலப்பையை இறக்கி முதல் வரிசையில் திருப்பிவிட்டு நிமிர்ந்தால், கதிரையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது, அப்பா எனக்கு முன்னால் குனிந்து மட்டை பொறுக்கிக்கொண்டிருக்கிறார். மெசினை நிறுத்தி, "அப்பா, அதுக்குத்தானே தகடு போட்டது" என்று கத்தினேன்.

"புதுப் பெயின்ற் தம்பி, கீறிப்போடும்" என்றார் திரும்பாமலே.

எட்டு வரிசைதான். முதலாம் கியருக்கு மேல் மாற்ற முடியாமல், அவருடைய முழங்காலின் வேகத்தில், மதியம் ஒரு மணியாயிற்று.