பாரம் ஏறாமல் பூஸ்ட் ஏறாது

கடலூரில் டீசல் கார்களைப் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் எனக்கு, "வண்டி இழுக்கல, பிக்கப்பே இல்ல" என்ற புகார் மிகவும் பழகிப்போன ஒன்று. அந்தப் புகாரோடு வருகிறவர்களில் பலர், டர்போ போய்விட்டது என்று யாரோ சொன்னதை நம்பியே வருகிறார்கள். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ விலை கூடிய உறுப்பு. அதைக் கழற்றுவதற்கு முன்னால், அது தரும் கூடுதல் காற்றழுத்தமான பூஸ்ட் எங்கே, எதனால் உருவாகிறது என்பதை வண்டிக்காரருக்குப் புரியவைப்பதும் என் வேலைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் ஸ்கேனரைப் பார்த்தால், எஞ்சினுக்குள் காற்று நுழையும் மேனிபோல்டு குழாயின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் என்று காட்டும். கடல்மட்டத்தை ஒட்டிய நம் ஊரில் வெளிக்காற்றின் அழுத்தமே அவ்வளவுதான். எஞ்சினை இயக்கி ஐடிலில் விட்டாலும் அந்த எண் பெரிதாக மாறாது. ஷெட்டுக்குள் நிறுத்தியபடியே ஆக்சிலரேட்டரை மிதித்து 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினாலும் கொஞ்சம்தான் கூடும். இதைப் பார்த்துவிட்டு டர்போவைக் குறை சொல்வது நியாயமில்லை. பாரம் இல்லாத எஞ்சினுக்குச் சிறிதளவு டீசலே போதும். எரிவது குறைவாக இருப்பதால் புகைவாயுவின் வெப்பமும் குறைவு, டர்போவுக்குள் இருக்கும் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும் வலுவும் குறைவு.

அதே காரை கேப்பர் மலை ஏற்றத்துக்குக் கொண்டுபோய், மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால், நல்ல நிலையில் உள்ள டர்போ சில நொடிகளில் 2 பாரைத் தாண்டிக் காட்டும். வீணாகப் போகும் புகைவாயுவின் வலுவைக் கொண்டே எஞ்சினுக்குக் காற்றூட்டலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905இல் காப்புரிமை பெற்ற எண்ணம், அந்த ஏற்றத்தில் கண்முன்னே வேலை செய்கிறது. புகைவாயு டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற, அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும், காற்றை அமுக்கும் கம்ப்ரஸர் சக்கரமும் சேர்ந்து சுழல்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 1.5 லட்சம் முதல் 2 லட்சம் சுற்று வரை எட்டும்போது, அதன் விளிம்பு ஒலியைவிட வேகமாக நகர்கிறது. காற்றை நடுவில் வாங்கி விளிம்பை நோக்கி வீசியெறிகிறது. வெளியே அகன்றுகொண்டே போகும் பாதையில் அந்தக் காற்று வேகம் தணியும்போது, இழந்த வேகமே அழுத்தமாக மாறுகிறது.

எஞ்சின் பக்கத்துக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1.5 லிட்டர் எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் ஓடும்போது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 லிட்டர் கொள்ளளவுக் காற்றைத்தான் உள்ளே இழுக்க முடியும். கம்ப்ரஸர் அதற்கு மேல் தள்ளும் காற்று போக வழியின்றிக் குழாயிலும் மேனிபோல்டிலும் நெருங்கி நிற்கிறது. அந்த நெருக்கம்தான் பூஸ்ட். காற்று கூடினால் டீசலைக் கூட்டி எரிக்கலாம், எரிவது கூடினால் புகைவாயுவின் வலு கூடும், அது டர்பைனை இன்னும் விரட்டும். கட்டுப்பாடின்றி விட்டால் எஞ்சின் தாங்காது என்பதால்தான், சில கார்களில் புகைவாயுவை டர்பைனுக்குள் விடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டும், சிலவற்றில் டர்பைனைச் சுற்றிக் கோணம் மாறும் சிறு இதழ்களும் வைத்திருக்கிறார்கள்.

புதுச்சேரி டாக்ஸி ஒன்றை ஓட்டும் இளைஞர், "அண்ணே, டர்போவ மாத்திடுங்கண்ணே, சென்னைக்கு ட்ரிப் இருக்கு" என்று அவசரப்படுத்தினார். "கொஞ்சம் பொறு தம்பி, ஒரு ஏத்தம் ஏத்திப் பாத்துடலாம்" என்றேன். ஏற்றத்தில் எஞ்சின் கணினி கேட்டது 2.2 பார், கிடைத்தது 1.4. பின்னால் கரும்புகை. டர்போ ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லை. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து மேனிபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணாடி பிடித்துப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில், எண்ணெய்க் கசிவில் புழுதி அப்பி ஒரு கறுப்புக் கோடு இருந்தது. விரலால் அழுத்தியபோது அது வாய் திறந்தது. நின்ற வண்டியில் மூடிக்கொண்டே இருக்கும் அந்த வெடிப்பு, உள்ளே அழுத்தம் ஏறும்போது மட்டும் விரிந்து காற்றை விட்டுவிடும். ஹோஸை மாற்றியதோடு வேலை முடிந்தது.

நம் கடற்கரை ஊர்களுக்கே உரிய தொல்லையும் உண்டு. உப்புக்காற்றில், இதழ்களை அசைக்கும் ஆக்சுவேட்டர் கம்பி துருவேறி இறுகிவிட்டால், டர்போ நன்றாக இருந்தும் இதழ்கள் அசையா. இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளும் உதிர்கின்றன. அமுக்கும்போது 100 டிகிரிக்கு மேல் சூடேறும் காற்றைக் குளிர்வித்து அடர்த்தியாக்குவது இன்டர்கூலர் என்பதால், அது தளர்ந்தால் ஸ்கேனரில் அழுத்தம் சரியாகத் தெரிந்தாலும் எஞ்சினுக்குச் சேரும் காற்றின் எடை குறைந்துபோகும்.

டர்போவையே மாற்ற வேண்டிய நிலையும் வருவதுண்டு. அப்போதும் பழையது ஏன் போயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் நான் புதியதைப் பொருத்த விடுவதில்லை. அந்த ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல்தான் மிதந்து சுழல்கிறது. ஆகவே ஆயில் வரும் குழாயைக் கழற்றி, கரி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே புதிய டர்போவின் பெட்டியைப் பிரிக்கச் சொல்கிறேன்.