ஐ.சி.யூ.வில் தனியாக மருந்து கொடுக்கக் கையெழுத்து வாங்கிய கதை

வார்டிலிருந்து ஐ.சி.யூ.வுக்கு மாறப் போகிற ஜூனியர் நர்ஸ்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, மெடிகேஷன் காம்பிடென்சி ரொம்பக் கஷ்டமா? எந்த புக் படிக்கணும்?" தனியாக மருந்து கொடுக்கத் தகுதி இருக்கா என்று பார்க்கிற பரீட்சையைத்தான் அப்படிச் சொல்வோம். ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பி அலுத்துப்போச்சு, அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில். என்.ஏ.பி.எச். (மருத்துவமனைத் தரத்துக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள இடம் என்பதால் மருந்து விஷயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு காகிதம் உண்டு. வார்டில் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் சரி, ஐ.சி.யூ.வுக்குள் வந்தால் இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், நார்அட்ரினலின் மாதிரி ஹை அலர்ட் மருந்துகளை, அதாவது அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்தானவற்றை, தனியாகத் தொட விடமாட்டார்கள். முதலில் கணக்கு டெஸ்ட், அப்புறம் சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க மருந்து ரௌண்ட், கடைசியில் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து. எங்கள் இன்ஸ்ட்ரக்டர் பாலக்காட்டுக்காரர், யூனிட்டே அவரைச் சேச்சி என்றுதான் கூப்பிடும். சிரித்த முகம், ஆனால் கையெழுத்து மட்டும் லேசில் விழாது.

புத்தக விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பி.எஸ்சி. நர்சிங்கில் நாம் படித்த ஃபார்மகாலஜி வீண் இல்லை, ஆனால் அது மருந்தை வேறு மாதிரி காட்டும். எந்த வகுப்பு, எப்படி வேலை செய்யும், பக்கவிளைவு என்ன என்று பத்து மார்க் பதிலாக எழுதத் தெரியும் நமக்கு. ஆம்பூலை, அதாவது உடைத்துத் திறக்கிற சின்ன மருந்துக் குப்பியை, கையில் கொடுத்து "இதில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் இருக்கு, எதில் கலக்கணும், எத்தனை நிமிஷத்தில் போகணும்" என்று கேட்டால் திணறுவோம். சேச்சி முதல் நாளே எங்கள் நோட்டையெல்லாம் மூடச் சொல்லிவிட்டு, ஒரு ட்ரே நிறைய ஆம்பூலும் வயலும் (ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பி) கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "பெயரைப் பார்க்காதீங்க, எழுத்து முழுசும் படிங்க" என்றார். என்னைக் கேட்டால் இந்த மொத்தப் பரீட்சையுமே அந்த லேபிளை முழுசாகப் படிப்பதுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவது.

ஹெப்பாரினைப் பாருங்கள். அதே 5 மில்லி வயல், ஒன்றில் மில்லிக்கு 1000 யூனிட், இன்னொன்றில் மில்லிக்கு 5000. அதாவது ஒரு வயலில் மொத்தம் 5000 யூனிட், அடுத்ததில் 25,000. பெரிய எழுத்தில் ஹெப்பாரின் என்று மட்டும் கண்ணில் படும், எண் ஓரமாக இருக்கும். "5000 போட்டிருக்கு சேச்சி" என்று ஒரு பெண் சொன்னதும், "மில்லிக்கா, மொத்த வயலுக்கா?" என்று திருப்பிக் கேட்டார். அறையில் சத்தமே இல்லை. அப்புறம் டோபமைன், டோபுடமைன். பெயரும் இடிக்கும், ஆம்பூலும் 5 மில்லி, ஆனால் டோபமைன் மில்லிக்கு 40 மி.கி. என்று மொத்தம் 200, டோபுடமைன் மில்லிக்கு 50 என்று 250. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்று எங்கள் ஸ்டோரில் எழுதி ஒட்டியிருப்பது சும்மா இல்லை.

இன்சுலினில்தான் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்தேன். நம் ஊரில் இன்னும் மில்லிக்கு 40 யூனிட் வயலும் இருக்கு, 100 யூனிட் வயலும் இருக்கு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது கால் மில்லி, அதாவது 25 யூனிட்! நோயாளிக்கு எழுதியது 10. மாற்றிச் செய்தால், 40 வயலை ஆரஞ்சு சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால், போவது வெறும் 4 யூனிட், சுகர் இறங்கவே இறங்காது, டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார், அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் சரியான சிரிஞ்சில் அந்த ஏற்றிய டோஸைப் போடும்போது சுகர் தரைக்குப் போகும். பம்பில் தொடர்ந்து ஏற்றுகிற இன்ஃப்யூஷனுக்கு 50 யூனிட்டை 50 மில்லி சலைனில் கலக்கும்போதும் இதே கதை: 40 வயல் என்றால் 1.25 மில்லி, 100 வயல் என்றால் அரை மில்லி. சிரிஞ்சையும் வயலையும் சேர்த்துப் பக்கத்தில் இருக்கிற சிஸ்டரிடம் காட்டாமல் இன்சுலின் ஏற்றக்கூடாது என்பது எங்கள் யூனிட் சட்டம். வெறும் சிரிஞ்சை மட்டும் காட்டினால் சீனியர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

கணக்கு டெஸ்ட்டைப் பற்றிப் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் நூற்றுக்கு நூறு வேண்டும். 500 மில்லியை 4 மணிநேரத்தில், மில்லிக்கு 20 சொட்டு விழுகிற செட்டில் எனக் கேட்பார்கள். பத்தாயிரத்தை 240-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு, முடிந்தது. மைக்ரோ செட் என்றால் மில்லிக்கு 60 சொட்டு, அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, கணக்கே தேவையில்லை. வான்கோமைசின் நிமிடத்துக்கு 10 மி.கி.க்கு மேல் போகக்கூடாது, அப்படியென்றால் ஒரு கிராம் ஏற்ற 100 நிமிடம். அரைமணியில் தள்ளிவிட்டால் முகம், கழுத்தெல்லாம் சிவந்து அரிக்கும், பி.பி. இறங்கும். ஃபெனிடாயின் சலைனில்தான், டெக்ஸ்ட்ரோஸில் போட்டால் படிந்துவிடும், வேகம் நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டக்கூடாது.

என்னை உலுக்கியது பி.பி. ஏற்றுகிற நார்அட்ரினலின் பற்றிய கேள்விதான். 60 கிலோ நோயாளி, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம், இரண்டு ஆம்பூலை 50 மில்லியாக ஆக்கியிருக்கு, சிரிஞ்ச் பம்ப் மணிக்கு எத்தனை மில்லி வேகம்? நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம், இதுவரை எல்லோருக்கும் வரும். ஆம்பூலை எடுத்துப் படித்தால் "மில்லிக்கு நார்அட்ரினலின் பைடார்ட்ரேட் 2 மி.கி., இது பேஸ் 1 மி.கி.க்குச் சமம்" என்று போட்டிருக்கு. ஆம்பூல் 2 மில்லி. பைடார்ட்ரேட் என்பது உப்பு வடிவம், பேஸ் என்பது அதில் இருக்கிற அசல் மருந்து. பைடார்ட்ரேட்டை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு ஆம்பூலில் 8 மி.கி., மில்லிக்கு 160 மைக்ரோகிராம், வேகம் 2.25. பேஸை வைத்துப் போட்டால் 4 மி.கி., மில்லிக்கு 80, வேகம் 4.5. அச்சு அசலாக இரண்டு மடங்கு வித்தியாசம்! ஒரே ஆம்பூல், ஒரே நோயாளி, ஒரே ஆர்டர். வகுப்பில் பாதிப் பேர் ஒரு விடை, மீதிப் பேர் இன்னொரு விடை. யார் சரி என்று சண்டை வரும் நேரத்தில் சேச்சி யூனிட் டைலூஷன் சார்ட்டை (எந்த மருந்தை எவ்வளவில் கலக்கணும் என்கிற அட்டவணை) காட்டினார், அதில் பேஸ் கணக்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த சார்ட் இருக்கிற காரணமே இதுதான். வேறு மருத்துவமனையிலிருந்து வருகிறவர்கள் பழைய பழக்கத்தில் கணக்குப் போடுவார்கள், அதனால் புது இடத்துக்குப் போனால் சம்பளம், ஹாஸ்டல் எல்லாம் கேட்பதற்கு முன்னால் டைலூஷன் சார்ட்டைக் கேளுங்கள். வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றி வருகிற நோயாளிக்கு ஓடிக்கொண்டிருக்கும் சிரிஞ்சையும் "மணிக்கு எத்தனை மில்லி" என்று மட்டும் ஹேண்டோவர் வாங்காதீர்கள், உள்ளே எத்தனை ஆம்பூல், மொத்தம் எத்தனை மில்லி என்று கேளுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு தனி டப்பாவில், பூட்டி, சிவப்பு ஸ்டிக்கரோடு இருக்கும். 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்பூல், பார்த்தால் டிஸ்டில்டு வாட்டர் மாதிரியே இருக்கும், அதில்தான் ஆபத்தே. உள்ளே 1.5 கிராம், 20 மில்லி ஈக்விவலெண்ட் (mEq, பொட்டாசியத்தை அளக்கிற அலகு, மில்லிலிட்டர் இல்லை). நேராக வெய்னில் தள்ளினால் இதயம் நின்றுவிடும், அவ்வளவுதான். கையில் போட்ட வென்ஃப்ளான் (நரம்பில் குத்தி வைக்கிற சின்னக் குழாய்) வழியாக என்றால் மணிக்கு 10 மில்லி ஈக்விவலெண்ட்டுக்கு மேல் கூடாது, சென்ட்ரல் லைனும் (இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயில் போடுகிற குழாய்) மானிட்டரும் இருந்தால்தான் அதற்கு மேல் யோசிப்பார்கள். பாட்டிலில் போட்டபிறகு நாலைந்து முறை கவிழ்த்துக் கலக்கணும், இல்லையென்றால் கனமாக அடியில் நின்று முதலில் அதுவே இறங்கும். தொங்குகிற பாட்டிலில் ஊசி குத்திச் சேர்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

ரௌண்ட் கட்டத்தில் கற்றது வேறு ரகம். ஃபைவ் ரைட்ஸ் (சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம்) என்று படித்தோம், அப்புறம் அது ஆறு, ஏழு, பத்து என்று வளர்ந்தது, இப்போது எத்தனையோ தெரியவில்லை. முதல் ரைட்டே நம் ஊரில் சிக்கல். "முருகன் தானே நீங்க?" என்று கேட்டால் பாதித் தூக்கத்தில் இருக்கிற எந்தத் தாத்தாவும் "ஆமாங்க" என்பார். "உங்க பேரென்னங்க ஐயா?" என்று கேட்டு அவர் வாயால் வரணும். நினைவில்லாதவர் என்றால் வெளியே இருக்கிற அட்டெண்டரை, அதாவது கூட வந்த உறவினரை, கேட்கலாம் என்று போனேன், வயதான பாட்டி, புருஷன் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டு, "எங்க பெரியவன் கிட்ட கேளு கண்ணு" என்று விட்டார். நல்லவேளை நோயாளி கையில் அடையாள பேண்ட் இருந்தது. பெயரும் யூ.எச்.ஐ.டி. எண்ணும் (மருத்துவமனை ஒவ்வொரு நோயாளிக்கும் தருகிற தனி எண்) சார்ட்டோடு பொருந்தணும், படுக்கை எண்ணை நம்பவே கூடாது, ஐ.சி.யூ.வில் படுக்கை மாறிக்கொண்டே இருக்கும்.

போன் ஆர்டர் இன்னொரு தலைவலி. "ஃபிஃப்டீன்" என்றாரா "ஃபிஃப்டி" என்றாரா என்று சந்தேகம் வந்தால் "ஒன்று, ஐந்து சார்?" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிப் படியுங்கள், படித்ததாகவும் எழுதுங்கள். யூனிட் என்பதை U என்று ஒற்றை எழுத்தாக எழுதினால் பூஜ்யம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும், முழு வார்த்தையாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள், பழகிவிடுவார்கள்.

மருந்து எடுக்கும் நேரத்தில் யாராவது பேசினால்தான் கை தடுமாறும். எங்கள் ட்ராலியில் "மருந்து எடுக்கிறேன், பேச வேண்டாம்" என்று தமிழிலேயே எழுதிய அட்டை மாட்டியிருப்போம். வெளி ஆட்கள் மதிக்கிறார்கள், நம் ஆட்கள்தான் "ஒரு நிமிஷம் சிஸ்டர், லேப் ரிப்போர்ட் வந்துச்சா" என்று நடுவில் நுழைவார்கள்.

கடைசி ரௌண்டில் சேச்சி பக்கத்தில் நிற்க, ஒரு அம்மாவுக்குக் காலை மருந்து. சார்ட்டில் மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். 50 (பி.பி., பல்ஸைக் குறைக்கிற, மெதுவாகக் கரையும் மாத்திரை) என்று இருந்தது. ஆனால் அன்று விடிகாலையில்தான் அவருக்கு ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற குழாய், சுருக்கமாக ஆர்.டி.) போட்டிருந்தார்கள். எக்ஸ்.எல். மாத்திரையை நசுக்கி டியூபில் விட்டால் நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிப் பல்ஸ் விழும். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன்.

"சார், ஆர்.டி. போட்டிருக்கோம், எக்ஸ்.எல். நசுக்க முடியாது. சாதாரண மாத்திரையா மாத்தித் தர்றீங்களா?"

"இன்னிக்கு ஒரு நாள் அதையே கொடுங்க சிஸ்டர், நான் பிஸியா இருக்கேன்."

"இல்லங்க சார், ஹோல்டுல வைக்கிறேன். பல்ஸ் 78, பி.பி. 130/80. ரௌண்ட்ஸ் வரும்போது எழுதிக் கொடுங்க."

குரல் லேசாக நடுங்கியது, மறைக்க ஒன்றுமில்லை. சேச்சி அந்தப் பக்கம் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், உதவிக்கு வரவே இல்லை. கொடுக்காத மருந்துக்கு எதிரில் காரணம், நேரம், யாரிடம் சொன்னேன் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மணிநேரத்துக்குள் டாக்டர் வந்து 25 மி.கி. சாதாரண மாத்திரை, காலையும் இரவும் என்று மாற்றி எழுதினார், கோபமெல்லாம் இல்லை, "நல்லாப் பார்த்தீங்க" என்றுகூடச் சொன்னார். மத்தியானம் சாப்பிடப் போகிற வழியில் சேச்சி ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கையெழுத்து வருஷத்துக்கு ஒருமுறை காலாவதியாகும், டெஸ்ட் மறுபடி உண்டு, சீனியர்களுக்கும்தான். மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி போதை தரும் வலிநிவாரணிகளின் ரெஜிஸ்டர் இதில் சேராது, அதற்குத் தனி சாவி, தனி கையெழுத்து, உடைத்த காலி ஆம்பூலைத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு முடியும். அதைப் பற்றி யாராவது கேட்டால் இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போதைக்கு உங்கள் யூனிட்டில் இருக்கிற ஹை அலர்ட் மருந்துகளின் லேபிளை ஒவ்வொன்றாக நோட்டில் அப்படியே பார்த்து எழுதத் தொடங்குங்கள், ஸ்டோரில் கம்பெனி மாறினால் மறுபடி பார்த்து எழுதுங்கள்.