வாடகை கட்டியே வாங்கப் பார்த்த கல்லடி வீடு

ஹட்டனிலிருந்து மட்டக்களப்புக்கு இடமாற்றம் கிடைத்தபோது, இந்த ஊரில் எனக்குத் தெரிந்தது பஸ் நிலையம் மட்டும்தான். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்குச் சொந்த வீடு என்றாலே நிதானம் கொஞ்சம் தவறும். பாலம் கடந்து கல்லடியில் வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில், "கட்டுகிற வாடகையிலேயே வீட்டை வாங்கிவிடலாமே மகன்" என்று வீட்டு ஐயா சொன்னதும் தலையாட்டிவிட்டேன்.

விலை 85 இலட்சம். முற்பணம் 5 இலட்சம். மாதம் 35,000 ரூபாய். அதில் 20,000 வாடகை, 15,000 விலையில் கழியும். 5 வருடம் முடிய மீதியைக் கொடுத்து உறுதி (காணிப் பத்திரம்) எழுதலாம். அன்றிரவு விடுதி அறையில் கூட்டிப் பார்த்தேன். 60 மாதத்தில் கழிவது 9 இலட்சம், முற்பணத்தோடு 14. மீதி 71 இலட்சத்துக்கு அப்போதும் வங்கி வாசலில்தான் நிற்க வேண்டும்! இடையில் வேறு ஊருக்கு மாற்றினால் கழித்த பணம் திரும்புமா என்று மறுநாள் கேட்டேன். "அதெல்லாம் பேசிக்கொள்ளலாம்" என்றார்.

வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதிக்கொள்வோம் என்பது அவர் யோசனை. மனைவி சம்மதிக்கவில்லை, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனோம். காணி விற்பதற்கான உடன்படிக்கை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிடப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது, 1840ஆம் ஆண்டிலிருந்தே அப்படித்தான் என்றார் அவர். அரச அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால் பிரதேச செயலகத்தின் சம்மதமும் வேண்டுமாம். இது உறுதிக் காணி, அந்தத் தொல்லை இல்லை.

வேறொரு தொல்லை காணிப் பதிவகத்தில் இருந்தது. வீடு ஐயாவின் பெயரில் இல்லை. மகளின் கல்யாணத்தின்போதே நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்திருக்கிறார். தனக்குச் சீவிய உரித்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். ஆயுள் உள்ளவரை இருக்கலாம், வாடகைக்கு விடலாம், விற்க முடியாது. மகள் கனடாவில்.

அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். இங்கே அப்பா வீடு கட்டுவதே மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கத்தான். கொடுத்த பிறகும் அதை "என் வீடு" என்றே சொல்வார். மலையிலிருந்து வந்த எனக்கு அந்த வழக்கம் தெரியாது. "மகள் தன் சார்பில் விற்க உங்களுக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் அனுப்பட்டும், பிறகு பேசுவோம்" என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு ஒரு வருட வாடகை ஒப்பந்தம் மட்டும் எழுதினோம். மாதம் 20,000.

வீடு பார்த்தது ஆவணியில். கார்த்திகை மழையில் பின்வளவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. கிணற்றடிக்குப் போக மூன்று நாள் வழியில்லை. அடுத்த விடுமுறைக்கு மகள் வருகிறாளாம், விலையை முடித்துக்கொள்ளலாம் என்கிறார் ஐயா. முடிக்கலாம், 85 இலட்சத்துக்கு அல்ல.