விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள்: பழைய அமெரிக்க வெள்ளி டாலருக்கு விலை பார்க்கும் விதம்

வெள்ளி விளக்கைத் துலக்குகிற கையோடு, பூஜைத் தட்டில் கிடக்கும் அமெரிக்க டாலரையும் விபூதி போட்டுப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கறுப்புக்கும் விலை உண்டு. தேய்த்த காசை வெளிச்சத்தில் சாய்த்தால் மயிரிழைக் கீறல் தெரியும். சேகரிப்பவர் அப்போதே விலையைப் பாதியாக்கிப் பேசுவார்.

முதலில் எடை. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். மார்கன் டாலர் (1878–1904, பிறகு 1921), பீஸ் டாலர் (1921–1935) இரண்டுமே 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி. சுத்த வெள்ளி 24.06 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் வருவது அடிமட்ட விலை. பெங்களூரு சிக்பேட்டையில் உருக்கப் போடுகிறவர் அதிலும் கழிவு பிடிப்பார். அரை டாலர் 12.5, கால் டாலர் 6.25, டைம் (பத்து சென்ட் காசு) 2.5 கிராம், 1964 வரை இவையும் 90 சதவீதம். 1965–70 கென்னடி அரை டாலரில் 40 சதவீதம்தான், இங்கேதான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். தேய்ந்த காசுக்குத் தராசு காட்டும் எடையையே வையுங்கள்.

எடை சரியாக இருந்தும் போலியாக இருக்கலாம். லேசான பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். டாலரை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். நல்ல வெள்ளி 2.6 கிராம் சுமாருக்குக் காட்டும். 3 கிராமைத் தொட்டால் ஜெர்மன் சில்வரோ பித்தளையோ. காற்றுக்குமிழி ஒட்டினாலும் எடை ஏறும். உதறிவிட்டு மறுபடி பாருங்கள். நகரத்பேட்டைப் பட்டறையில் உரைகல்லில் உரசக் கொடுக்க வேண்டாம், விளிம்பில் விழும் கோடு போகவே போகாது.

பிறகு பின்பக்கம். மார்கனில் மாலை முடிச்சுக்குக் கீழே, காசு அடித்த ஊரைச் சொல்லும் பொடி எழுத்து இருக்கும்: எஸ் என்றால் சான்பிரான்சிஸ்கோ, ஓ நியூ ஆர்லியன்ஸ், சிசி கார்சன் சிட்டி. எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. வருஷமும் எழுத்தும் சேர்ந்துதான் விலை. 1921 பிலடெல்பியா 4 கோடி காசுக்கும் மேல் அடித்தது. தேய்ந்திருந்தால் வெள்ளி விலைக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். 1893 எஸ் ஒரு லட்சம் காசே அடித்தது. அதனாலேயே சாதாரண 1893-ல் எஸ் ஒட்டி விற்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் எழுத்தின் அடியில் இணைப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சிசி 1893-ஓடு நின்றுவிட்டது. 1898 சிசி என்று நீட்டினால் கையில்கூட வாங்காதீர்கள்.

தரச்சான்றுக்கு அமெரிக்காவுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு: 100 வருஷம் கடந்த நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். கூரியரில் போட்டுவிட முடியாது.